நெஞ்சில் நிற்கும் கவளம்

நம் பக்கத்து மக்கள் "கேஸ்" என்று வழங்கும் சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் தேடிப் பயனில்லை. நெஞ்சு எரிந்தால் கேஸ். புளித்த ஏப்பம் எழுந்தால் கேஸ். முதுகு பிடித்துக்கொண்டால் கேஸ். உண்ட சோறு உள்ளே இறங்காமல் நடுநெஞ்சில் நின்று வலித்தால் அதுவும் கேஸ்தான். செஞ்சிக் கடைவீதியில் மருந்துக் கடைமுன் நின்று, "கேஸுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டால், காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லிக் கொடுத்துவிடுவர். பெரும்பாலோர்க்கு அதனால் குணமும் காண்கிறது. ஆகவே அதைப் பெருங்குற்றமாகப் பேச நாம் முற்படவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் முற்றிலும் வேறான நோயொன்று ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருப்பதும் உண்டு. அதைப்பற்றியும், அதற்கு வழங்கப்படும் மருந்துகளால் ஆவது எது, ஆகாதது எது என்பதைப்பற்றியும் இம்மாதம் எழுத விழைகிறோம்.

வாசக அன்பர்கள் இரண்டு அடையாளங்களை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். மார்கழிப் பனியில் பாத்திரம் துலக்கும்போதோ, குளிர்ந்த நீரில் கை வைக்கும்போதோ, விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பின் நீலம் பாய்ந்து, பின் சிவந்து, சற்று நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றனவா? இது முதலாவது. பாரிஸ் நகர மருத்துவர் மோரிஸ் ரேனோ என்பவர் 1862ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதியதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. விழுங்கிய உணவு நெஞ்செலும்பின் பின்னால் தங்குவதும், படுத்தால் புளிப்பாக மேலே எதுக்களிப்பதும் இரண்டாவது. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்து காணப்பட்டு, விரல்களின் தோலும் தடித்து இறுகி மோதிரம் கழற்ற முடியாமற் போனால், அது கேஸ் அன்று. மருத்துவர்கள் அதனைச் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்றும், பழைய வழக்கில் ஸ்கிளீரோடெர்மா என்றும் அழைப்பர். தோல் இறுகு நோய் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தடம் மாறி, நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து, தோலிலும் உள்ளுறுப்புகளிலும் நார்த்திசுவை அளவுமீறி வளர்ப்பதே இந்நோய். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்கும். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டும். தோல் கறுத்தும் ஆங்காங்கே வெளுத்தும், விரல் நுனிகள் புண்பட்டும் காணப்படுவதால், "பெருவியாதி" என்று அஞ்சி, தொழுநோய்ப் பணிக்குப் பெயர்பெற்ற சேத்துப்பட்டுக்குப் புறப்பட்டவர்களும் உண்டு. இது தொழுநோய் அன்று, தொற்றவும் தொற்றாது. தொழுநோயில் தோல் உணர்ச்சியற்றுப் போகும். இதிலோ உணர்ச்சி நன்றாகவே இருக்கும். பாத்திரத்தைத் தனியே வைப்பதும், மகளுக்கு வரன் அமையாதே என்று மூடி மறைப்பதும் வேண்டாதவை.

கல்லை நம்பி வாழும் நம் வட்டாரத்தார் ஒன்றைத் தனியே அறிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பைரம் பிராம்வெல் என்னும் மருத்துவர், தம்மிடம் வந்த இத்தகைய நோயாளருள் கல்தச்சர் பலர் இருந்ததை 1914ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் காணப்படுவது 1957இல் எழுதப்பட்டது. கல்லின் தூளிலுள்ள சிலிக்காவே அங்கு ஐயத்திற்குரியது. கல் உடைக்கும் ஆண்மகன் ஒருவனுக்கு விரல் வெளுத்து, விழுங்குதலும் கடினமாயின், தன் தொழிலை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். மருத்துவர் கேட்காவிடினும் சொல்லவேண்டும்.

இனி உணவுக்குழலுக்கு வருவோம். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இது, சோற்றைத் தானாக விழவிடும் வெறும் குழாய் அன்று. மேலிருந்து கீழாக அலை அலையாய்ச் சுருங்கி, கவளத்தைத் தள்ளிக்கொண்டே போகும். அடிமுனையில் ஒரு வளையத் தசை கதவுபோல் நின்று, உணவு வரும்போது மட்டும் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். இராஜகிரி மலைமேல் ஏறியவர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அங்கு நிற்கும் வாயில்களைக் கண்டிருப்பர்; வருவோர் யார் எனப் பார்த்துத் திறப்பதற்கே அவை கட்டப்பட்டன. தோல் இறுகு நோயில் உணவுக்குழலின் கீழ் மூன்றில் இரண்டு பங்குத் தசை மெல்ல மெல்லத் தேய்ந்து நாராகிறது, அலை நின்றுபோகிறது, அடிக்கதவும் தளர்ந்து திறந்தே கிடக்கிறது. இரைப்பையின் அமிலம் இரவும் பகலும் மேலேறுகிறது. ஏறியதைக் கீழே தள்ளவும் அலை இல்லை. இந்நோயாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு உணவுக்குழல் ஏதோவோர் அளவில் கெட்டிருக்கும். சிலர்க்கு எரிச்சலே தெரியாமலும் உள்ளே புண்படுவதுண்டு.

மருந்தே இல்லாத காலத்தில் இது மனிதரை என்ன பாடுபடுத்தியது என்பதற்கு ஓவியர் பவுல் கிளே சான்றாவார். சுவிட்சர்லாந்தில் 1879இல் பிறந்த அவர் 1935இல் நோயுற்றார். 1940 ஜூன் 29ஆம் நாள் இறந்தார். அவரைப் பற்றியது தோல் இறுகு நோயே என்று பிற்கால மருத்துவர் கருதுகின்றனர். திட உணவை விழுங்க முடியாமல் நீர்த்த உணவைக்கொண்டே நாட்களைக் கழித்தார். அந்நிலையிலும் 1939ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்திருநூறுக்கு மேற்பட்ட படங்களைத் தீட்டினார் என்றறியும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது. அவருடைய உணவுக்குழலுக்கென்று தருவதற்கு அன்றைய மருத்துவரிடம் அமிலத்தைச் சற்றே தணிக்கும் மருந்துகளுக்கு மேல் அதிகம் இருந்ததில்லை.

இன்றுள்ள மருந்துகள் இரண்டு வேலைகளுக்காகத் தரப்படுகின்றன. அமிலத்தை அடக்குவது ஒன்று. நின்றுபோன அலையைத் தூண்டுவது மற்றொன்று. முதல் வேலை நன்றாக நடைபெறுகிறது. இரண்டாவது அரைகுறையாகவே நடைபெறுகிறது. இந்த வேறுபாட்டை நோயாளியும் வீட்டாரும் அறியாமையால்தான் "இவ்வளவு மாத்திரை போட்டும் சோறு இறங்கவில்லையே" என்று மனம் நொந்து, உள்ளதையும் நிறுத்திவிடுகின்றனர்.

ஜெலுசில், டைஜின் போன்றவை வந்த அமிலத்தை முறிப்பவை. சற்று நேரத்திற்கே பயன்படும். அமிலச் சுரப்பையே குறைக்கும் சிமெடிடின் 1976இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதனைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே வழியில் வந்த ரானிடிடினை நம் வீடுகளில் அறியாதார் இலர். அதிலே புற்றுநோய்க்கு ஏதுவாகக் கருதப்படும் மாசு காணப்பட்டபின், 2022இல் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. இவற்றினும் வலியதாய்ச் சுவீடனில் உருவாகி 1988இல் வெளிவந்தது ஒமெப்ரசோல். பேன்டோப்ரசோல், ரேபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். தோல் இறுகு நோயாளர்க்கு உணவுக்குழல் புண்ணையும் சுருக்கத்தையும் தடுக்க இவ்வகை மருந்தையே தரவேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் கழகம் 2017இல் வெளியிட்ட அறிவுரை.

இம்மருந்தை உண்ணும் நேரம், மருந்தைப் போலவே முக்கியமானது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் நுண்பொறிகள் நாம் உண்ணும்போதுதான் முடுக்கிவிடப்படுகின்றன. அவ்வேளையில் மருந்து இரத்தத்தில் தயாராக நின்றால்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தும். ஆகவே உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு முன் உட்கொள்ளவேண்டும். இட்லி உண்டபின் நினைவு வந்து போடுவதால் பாதிப் பயனும் கிட்டாது. மற்றவர்க்கு ஒருவேளை போதுமாயின், இந்நோயாளர்க்கு மருத்துவர் இருவேளை எழுதுவதுண்டு, அது தவறன்று.

நம் மக்களுள் நாற்பத்தைந்து வயதுத் தாயார் ஒருவரை நாம் அறிவோம். விரல் வெளுக்கும் குறை நெடுநாளாக இருந்தும், நெஞ்செரிச்சலுக்கு மட்டும் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். நோய் இன்னதென்று ஒருவாறு தெரிந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையால் ஓராண்டு நலமாயிருந்தார். இந்த மாத்திரை எலும்பைக் கெடுக்கும் என்று அவர் மகன் கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு நிறுத்தச் சொன்னான். அன்பினால் சொன்னதுதான். சில திங்களில் கஞ்சியும் இறங்கவில்லை. எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது உணவுக்குழலின் அடிப்பகுதி புண்பட்டுச் சுருங்கியிருந்தது. காற்றுப்பை வைத்து விரிக்கவேண்டியதாயிற்று. ஒருமுறையன்று, மூன்று முறை.

மகன் படித்தது முழுப்பொய் என்று நாம் சொல்லமாட்டோம். இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவை குறையலாம். எலும்பு முறியும் வாய்ப்புச் சற்றுக் கூடலாம். குடல் தொற்றும் எளிதில் வரலாம். ஒரு விருந்தில் அதிகம் உண்டதற்காக மாத்திரை போடத் தொடங்கி, ஐந்தாண்டாய் நிறுத்தாதிருப்பவர் இதைக் கேட்டு நிறுத்த முற்படின், நாமே கைதட்டுவோம். ஆனால் கதவே இல்லாத வீட்டில் காவலாளியின் சம்பளம் அதிகம் என்று அவனை நீக்குவது எவ்வகை சிக்கனம்? தோல் இறுகு நோயாளர் செய்யவேண்டியது, மருந்தைத் தாமே நிறுத்துவதன்று. பி12, மெக்னீசியம், எலும்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்பதே. நுரையீரலுக்காக மைக்கோபீனோலேட் உண்பவர் அதையும் சொல்லவேண்டும். அமிலம் குறைந்தால் அம்மருந்து உடலில் சேர்வதும் குறையக்கூடும்.

அலையைத் தூண்டும் மருந்துகளின் வரலாறு, ஏமாற்றங்களின் வரலாறு என்றே சொல்லத் தகும். மெட்டோகுளோப்ரமைடு அடிக்கதவைச் சற்று இறுக்கும். இரைப்பையையும் விரைந்து காலி செய்யும். ஆனால் அது மூளைக்குள்ளும் புகுவதால், நெடுநாள் உண்பவர்க்கு வாயும் நாக்கும் முகமும் தாமாக அசையும் மாறாக் கோளாறு வரக்கூடும். பன்னிரண்டு வாரத்திற்குமேல் தரலாகாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் சிசாப்ரைடு என்னும் மருந்து பெருநம்பிக்கை தந்தது. தோல் இறுகு நோயாளர் பலர்க்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே பறிக்கவும் வல்லது எனக் கண்டு, 2000இல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலக்கினர். இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது.

இன்று நம் நாட்டில் மிகுதியாக வழங்குவது 1974இல் பெல்ஜிய நாட்டில் உருவான டோம்பெரிடோன். மெட்டோகுளோப்ரமைடைப் போல மூளைக்குள் எளிதில் புகாது என்பது அதன் சிறப்பு. எனினும் இதயத் துடிப்பை மாற்றும் குணம் அதற்கும் சிறிது உண்டு; ஆகவே குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்திற்கு மேற்படாமல், குறைந்த அளவிலேயே தரவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014இல் வரையறை செய்தனர். நம் கடைகளில் விற்கும் கேஸ் மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் "டி" என்றோ "டி.எஸ்.ஆர்." என்றோ ஓர் ஒட்டு இருப்பின், அது பெரும்பாலும் டோம்பெரிடோனையே குறிக்கும். வாசகர்கள் தம் வீட்டு மாத்திரை அட்டையை இப்போதே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு மருந்து ஒன்றாய் உள்ளே போவதை அறியாமலே போட்டு வருவோர் எத்தனையோ பேர். மார்பில் சளி என்று எரித்ரோமைசின் எழுதப்படும்போது, டோம்பெரிடோன் உண்பதைச் சொல்லாதிருப்பது ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்குத் தீங்கு பன்மடங்காகும். வேடிக்கை என்னவெனில், அந்த எரித்ரோமைசினே சிறு அளவில் இரைப்பையை அசைக்கத் தரப்படுவதும் உண்டு. சில வாரங்களில் அதன் பயன் மங்கிவிடும்.

மனக்கலக்கத்துக்குத் தரப்படும் புஸ்பிரோன் என்னும் மருந்து, தளர்ந்த அடிக்கதவைச் சற்று இறுக்குவதாகக் கிரேக்க மருத்துவர்கள் 2016இல் எழுதினர். நான்கு வாரச் சோதனை; ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழுவும் இல்லை. ஆகவே இது ஒரு நம்பிக்கைக் கீற்று, அவ்வளவே. எந்த மருந்தாயினும் தசையில் உயிர் எஞ்சியிருந்தால்தான் அதைத் தூண்ட முடியும். முற்றும் நாராகிவிட்ட தசைக்கு எந்தத் தூண்டுதலும் கேளாது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

கைக்கும் நெஞ்சுக்கும் இடையே நேரும் ஒரு வழக்கையும் சொல்லவேண்டும். வெளுக்கும் விரல்களுக்கு நிபெடிபின் என்னும் மருந்து தருவர். அது இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்தி விரலுக்கு இரத்தம் பாயச் செய்கிறது. அதே வேளையில், ஏற்கெனவே தளர்ந்த உணவுக்குழல் கதவையும் இன்னும் தளர்த்துகிறது. குளிர்காலத்தில் விரல் புண்ணாகித் துடிப்பவர்க்கு அம்மருந்து வேண்டியதே. அதனை உண்ணத் தொடங்கிய பின் எதுக்களிப்பு மிகுந்ததா என்பதை நோயாளிதான் கவனித்துச் சொல்லவேண்டும். கையைப் பார்க்கும் மருத்துவரும் வயிற்றைப் பார்க்கும் மருத்துவரும் வேறு வேறு ஊரில் இருப்பின், ஒருவர் எழுதியது மற்றவர்க்கு எப்படித் தெரியும்?

மற்றொன்று, வேறு நோய்க்காக விழுங்கும் மாத்திரைகளே உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண் உண்டாக்கும். டாக்சிசைக்ளின், ஆஸ்பிரின், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றில் எச்சரிக்கை வேண்டும். எலும்புத் தேய்வுக்குத் தரும் அலென்ட்ரோனேட் மாத்திரை, உணவு இறங்கத் தாமதமாகும் இவர்களுக்கு ஆகவே ஆகாது. எதை விழுங்கினாலும் நிமிர்ந்திருந்து, ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரமேனும் படுக்காதிருக்கவேண்டும்.

மேற்சொன்ன தாயார் திருப்பலியில் நற்கருணை உட்கொண்டதும் இருமிக்கொண்டே வெளியே செல்வார். "இனி நான் வாங்காமலே இருந்துவிடட்டுமா, சாமி?" என்று ஒருநாள் நம்மிடம் கேட்டார். வேண்டியதில்லை. மிகச் சிறு துண்டு ஒன்றே போதும்; அதுவும் இயலாதாயின் திருஇரசத்தின் வடிவில் மட்டும் வழங்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925ஆம் விதி இடமளிக்கிறது. நற்கருணை உட்கொள்வதற்கு முன் ஒருமணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயுற்றோர் உணவு உண்டிருந்தாலும் உட்கொள்ளலாம் என்பது 919ஆம் விதி. பூசைக்குப் போகவேண்டும் என்று காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவோர் இதை அறிந்துகொள்க. இத்தகையோர் தம் பங்குத்தந்தையிடம் முன்னரே சொல்லிவைத்தால் போதும்.

உணவைப்பற்றி நீட்ட விரும்பவில்லை. குழைந்த சோறு, சிறு கவளம், இடையிடையே மடக்கு நீர், சூரியன் சாய்ந்தவுடன் இரவுணவு, இவ்வளவே. மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கச் சொல்வோமே, அந்த வைத்தியத்தை இவர்களிடம் காட்டலாகாது. இரவில் அமிலம் தொண்டைவரை ஏறி மூச்சுக்குழலில் இறங்கினால் இருமலும் மூச்சுமுட்டலும் வரும். இந்நோயில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் நுரையீரல் கேடே; எதுக்களிப்பு அதனை வளர்க்கிறதா என்பதில் மருத்துவரிடையே இன்னும் ஒருமனப்பாடு இல்லை எனினும், ஐயம் வலுவாகவே உள்ளது. தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கித் தொல்லை கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு இரண்டு செங்கல் வையுங்கள்; பயன் தரும், செலவும் இல்லை.

செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. எதிர்ப்பாற்றல் நோய்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் இத்தகைய நோய்களுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. அங்கே ஏ.என்.ஏ. என்னும் இரத்தச் சோதனை, எண்டோஸ்கோபி, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே ஆகியவற்றுடன், மெல்லிய குழாயை மூக்கின் வழியே செலுத்தி அலையின் வலிமையை அளக்கும் மேனோமெட்ரி சோதனையும் செய்யக்கூடும். அதற்குச் சில நாள் முன்பே சில மருந்துகளை நிறுத்தச் சொல்வர். எவற்றை, எத்தனை நாள் என்பதைச் சோதனைக்கு நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். போகும்போது பழைய சீட்டுகளுடன், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் தாமாக வாங்கிய கேஸ் மாத்திரையின் அட்டையும் அதில் இருக்கட்டும்.